செலரியாக்குக்கு மண் அணைத்தவர்

அன்றைக்கு மேசையில் இருந்தவர்கள்:

வேரோனிக்கா, வீட்டுக்காரி.

நீக்கிலாப்பிள்ளை, அவளுடைய புருஷன். சாமான் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வீட்டில் வாய் திறந்தால் பல் உதிர்ந்துவிடும் என்று பயந்தவன் போல இருப்பான்.

அமிர்தநாதர், அவனுடைய தமையன். வேலை இல்லை. அபிப்பிராயம் உண்டு.

ஸ்டெபனி, மகள், பதினைந்து வயது. சாப்பாட்டு மேசையிலும் காதில் வோக்மன்.

பிலோமினா, இருவருக்கும் தங்கச்சி, பிக்கரிங்கில் புது வீடு. அவளுடைய புருஷன் மரியதாஸ், அந்த வீட்டின் ஒவ்வொரு கதவும் என்ன மரம் என்று தெரிந்தவன்.

தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. கோயிலால் வந்து நேரே சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தவக்காலம் என்றபடியால் வீட்டில் இறைச்சி இல்லை. அந்தக் குறை தெரியாமலிருக்க அறக்குளாப் பொரியல், றால் குழம்பு, நண்டு, சுறா வறை. இப்படி ஒறுத்துக்கொண்டிருந்தவர்களில் அமிர்தநாதர்தான் முதலில் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஹீட்டருக்கு மேலே, ஜன்னல் கட்டையில், ஐஸ்கிரீம் டப்பாக்கள் வரிசையாக இருந்தன.

"உதென்ன பிள்ளை, டப்பாவுக்கை மண்?"

"செலரியாக், அண்ணை."

"அதென்ன சாமான்?"

"ஒரு கிழங்கு. நான் வேலை செய்யிற கிச்சனிலை சூப்புக்குப் போடுறது."

"பண்டி மூஞ்சி மாதிரி இருக்கும் பெரியப்பா. சோ அக்லி," என்றாள் ஸ்டெபனி.

அமிர்தநாதர் நண்டுக்காலோடு எழுந்து போய்ப் பார்த்தார். ஒரு டப்பாவில் குனிந்து ஊதினார். விதை தூள் தூளாக மண்ணின் மேலேயே கிடந்தது. சீரகத்தைத் திரித்துத் தூவினமாதிரி.

"மூடேல்லை?"

"இதை மூடக்கூடாது அண்ணை. வெளிச்சம் பட்டால்தான் முளைக்குமாம்."

"ஆர் சொன்னது?"

"ஹலீனா. எங்கடை பெரிய குசினிக்காரி. போலந்து."

"போலந்து," என்றார் அமிர்தநாதர், நாட்டையே நாக்கில் வைத்துத் துப்புகிறவர் போல. "பிலோமினா, கேட்டனியே? விதையை மூடக்கூடாதாம். எங்கடை ஐயா மூவாயிரம் கண்டு போயிலை வைச்சவர். அவர் இருந்திருந்தால் இந்த டப்பாவைப் பார்த்திட்டு வேலிக்கு அங்காலை எறிஞ்சிருப்பார்."

"மச்சாள், பேசாமல் எங்கடை சுப்பர்மார்க்கெட்டிலை வாங்குங்கோவன்," என்றாள் பிலோமினா. "பிக்கரிங்கிலை எல்லாம் கழுவித் துடைச்சுப் பொலித்தீன் சுத்தி வைச்சிருக்கிறாங்கள்."

மரியதாஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு அமிர்தநாதருக்குப் போதுமானதாக இருந்தது. நண்டுக்காலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சபைக்குச் சொன்னார்:

"உதிலை என்ரை கைமுட்டியளவு ஒரு கிழங்கு விழட்டும். அண்டைக்கே நான் உந்த அறையை விட்டிட்டுப் பெட்டியோடை இறங்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். நீக்கிலாப்பிள்ளையும் சிரித்தான், தமையன் சிரித்ததற்காக. வேரோனிக்கா தட்டுகளை எடுத்தாள்.

"சரி அண்ணை. எல்லாரும் கேட்டதுதானே," என்றாள்.

டோர்செட் பார்க்கில் எட்டாம் மாடியில் இரண்டு அறை வீடு அது. ஒன்றில் புருஷனும் பெண்சாதியும். மற்றது ஸ்டெபனிக்கென்று எடுத்தது. அமிர்தநாதர் சென் ஜேம்ஸ் ரவுணில் நாலு பேரோடு இருந்து, நாலு பேரோடும் சண்டை பிடித்துக்கொண்டு, இரண்டு கிழமைக்கு என்று இங்கே வந்தார். அந்த இரண்டு கிழமை மூன்றாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. பெட்டை ஸ்டெபனி ஹோலில் சோபாவில் படுத்தாள். அவர் ரீவியை நிற்பாட்டும்வரைக்கும் அவளுக்கு நித்திரையும் இல்லை, படிப்பும் இல்லை. கணக்கில் தோற்றுக்கொண்டு வந்தாள். நீக்கிலாப்பிள்ளையிடம் கேட்டால், "அண்ணையிட்டை எப்பிடிச் சொல்லுறது?" என்பான். அது கேள்வி இல்லை. அவனிடம் இருந்த முழுப் பதிலும் அதுதான். வந்து இருக்கிறவரைப் போ என்று சொல்வது அந்தக் குடும்பத்தில் நடவாத காரியம். அவராக வாயால் சொன்னால்தான் உண்டு. இப்போது சொல்லிவிட்டார்.

ஆகவே வேரோனிக்கா ஒரு அறைக்காகச் செலரியாக் வளர்க்கத் தொடங்கினாள்.

ஹலீனாவும் அவளை மதித்து விதை கொடுக்கவில்லை. ஸ்காபரோவில் கல்யாணங்களுக்கும் செத்தவீடுகளுக்கும் சாப்பாடு அனுப்புகிற குசினி அது. வேரோனிக்காவின் வேலை தோல் சீவுவது. ஒருநாள், இதை வளர்க்கலாமோ என்று கேட்டதற்கு, இது குளிர்காலத்தில் தொடங்கி அடுத்த குளிருக்குக் கிண்டுகிற சாமான், உங்கள் ஆட்களுக்குப் பொறுமை இல்லை, நீங்கள் மிளகாய் நடுங்கள் என்று ஹலீனா சொன்னாள். பிறகு விதையை ஒரு சிகரெட் பெட்டித் தாளில் மடித்து, நாய்க்கு எலும்பு போடுவதுபோல மேசையில் போட்டாள். வேரோனிக்கா எடுத்துக்கொண்டாள். எலும்பு எலும்புதான், யார் போட்டால் என்ன.

விதை முளைக்கிறவரைக்கும் வீட்டில் பகிடி ஓயவில்லை. காலையில் தேத்தண்ணியோடு வந்து, "என்ன பிள்ளை, போலந்து எழும்பீட்டுதோ?" என்று அமிர்தநாதர் கேட்பார். தண்ணீரை ஊற்றக்கூடாது, தெளிக்க வேண்டும் என்பதால் அவள் ஜன்னல் துடைக்கிற ஸ்பிரே போத்தலைக் கழுவி வைத்திருந்தாள். அதற்கும் ஒரு பகிடி. பச்சைத் தூசி படிந்தமாதிரி ஒருநாள் முளை தெரிந்தபோது அவர் பகிடியை மாற்றினார்: "முளைக்கிறது ஆருக்குத்தான் ஏலாது?"

பால் வருகிற பொலித்தீன் பைகளை அந்த வீட்டில் யாரும் எறிவதில்லை. வேரோனிக்கா அவற்றை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கன்றாகப் பிரித்து வைத்தாள். வீடு முழுக்கப் பால் பை. பல்கனிக்கு வெளியே வைத்துக் காற்றுக்குப் பழக்கினாள். குளிர் கூடினால் உள்ளே எடுத்தாள். இந்தக் கன்றுக்கு இளமையில் குளிர் பிடித்தால், தனக்குச் சாவு வந்துவிட்டதென்று பயந்து பூத்துவிடும், பிறகு கிழங்கு வைக்காது. மனிதரில் பாதிப்பேர் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள்.

மே மாத நீள விடுமுறைக்கு மறுநாள் கன்றுகள் தோட்டத்துக்குப் போயின. ஹைட்ரோ மின்சாரக் கோபுரங்கள் நடந்துபோகிற அந்த நீள வெளியில் நகரசபை துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் தோட்டம். தலைக்கு மேலே கம்பி எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். அங்கே தமிழாட்கள் எல்லோரும் ஒன்றையே நட்டார்கள்: கத்தரி, மிளகாய், முளைக்கீரை. எல்லோருக்கும் ஒரே கிழமையில் காய்க்கும். எல்லோரும் ஒரே கத்தரிக்காயை ஒருவருக்கொருவர் கொண்டுபோய்க் கொடுத்து, அன்பாக இருக்கிறோம் என்று நம்பினார்கள்.

பக்கத்துத் துண்டுக்காரர் மஃரூப், தையல்கடை வைத்திருப்பவர், மன்னார்ப் பக்கம். அவர்தான் முதலில் கேட்டார்.

"தங்கச்சி, இது என்ன வகை மல்லி?"

"மல்லி இல்லை மஃரூப் நானா. செலரியாக்."

"எல நல்ல வாசமா இரிக்கி. ஆனா என்ன, கண்ட இப்பிடி மேலால நட்டிரிக்கிறீங்க? விழுந்திரும்."

"குருத்து மண்ணுக்கு மேலை நிக்கோணும். ஆழம் போனால் கிழங்கு கட்டாது."

"ஆ," என்றார் மஃரூப். அவர் நம்பவில்லை. ஆனால் மற்றவன் பயிரில் கை வைக்காத மனிதர். அந்த வெளியில் அது ஒரு பெரிய குணம்.

அந்தக் கோடையை வேரோனிக்கா வாளியோடு கழித்தாள். செலரியாக் சதுப்பு நிலத்துப் பிறவி. அதற்குத் தாகம் தீராது. ஒருநாள் தவறினாலும் உள்ளே நார் வைத்து, பொந்து விழுந்து கோறையாகிவிடும். வேலை முடிந்து பஸ் ஏறி, இறங்கி இன்னொரு பஸ் ஏறி, பைப்படியில் வரிசையில் நின்று, இரண்டு கையிலும் வாளி. செம்மறியாட்டு எரு மூட்டையைச் சந்தைக்கு இழுக்கிற தள்ளுவண்டியில் வைத்து அவளே இழுத்து வந்தாள். நீக்கிலாப்பிள்ளை ஒருமுறை வந்தான். மரநிழல் தேடி, ஹைட்ரோ வெளியில் மரம் இல்லை என்பதைக் கண்டுபிடித்து, திரும்பிப் போனான். புல்லை வெட்டுகிறவன் விட்டுப்போன குப்பையை அள்ளி அடியில் பரப்பினாள், ஈரம் போகாமலிருக்க. ஆடி கழிய அடி பருக்கத் தொடங்கியது. அதன் பிறகு கிழங்கைச் சுற்றிய பழைய இலைகளை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கிக் கிழித்தாள். பக்கத்தால் புறப்பட்ட வேர் மயிர்களைப் பேனாக்கத்தியால் வழித்தாள். கிழங்கின் தோள் வெளியே வெயிலில் இருக்க வேண்டும். உண்மையில் அது வேர் இல்லை, வீங்கிய தண்டு. எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு பருக்கும்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு கிழமை இரவிரவாக மழை பெய்ததால் வாளிக்கு வேலை இருக்கவில்லை. அது விட்ட பிறகு ஒரு மாலை அவள் வாளியோடு போய் நின்றபோது, கிழங்கு ஒன்றையும் காணவில்லை. அவளுடைய வரிசை இருந்த இடத்தில் ஒழுங்கான வரம்பு ஒன்று நின்றது. செடிகளின் கழுத்துவரைக்கும் மண். கையால் தட்டி இறுக்கிய மண்.

மஃரூப் தன் கத்தரிக்குள்ளிருந்து எழும்பினார்.

"உங்கட மச்சான் வந்தாரே தங்கச்சி. நீங்க அனுப்பினீங்கெண்டுதான் நான் நினைச்சன்."

"எப்ப?"

"மூணு நாளா வாறார். விடிய சுப்ஹு தொழுதிட்டு நான் வரக்குள்ள இங்க நிக்கிறார். மம்பட்டி கேட்டார், குடுத்தன். முழங்கால் ஏலாது போல, குந்திக் குந்தித்தான் செஞ்சார். பிள்ளைக்குப் போர்வை போர்த்தின மாதிரி ஒவ்வொண்டுக்கும் அணைச்சாரு."

"என்ன சொன்னவர்?"

மஃரூப் யோசித்தார். "நல்லா வந்திரிக்கிதாம். இவ்வளவு நல்லா வந்தத வெயில்ல போட்டு வெச்சிரிக்கிறா, பச்சை புடிச்சாக் கசக்கும் எண்டு சொன்னார். உங்கள ஏசினார்தான். ஆனா சந்தோஷமா ஏசினார்."

வேரோனிக்கா பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைத்தான் உருட்டிக்கொண்டு வந்தாள். கெடுக்கவென்று செய்திருந்தால் அவருக்கு ஒரு மரியாதை கொடுக்கலாம். எதிரிக்குரிய மரியாதை.

அமிர்தநாதர் சோபாவில் இருந்தார், ஸ்டெபனியின் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு. மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, தோட்டத்துக்குப் போனனீங்களோ?"

"ஓம், போனனான். உன்ரை பயிர் அம்மணமாய் நிண்டுது. பார்க்கப் பொறுக்கேல்லை."

"ஆரைக் கேட்டுப் போனனீங்கள்?"

"தோட்டத்திலை கால் வைக்க ஆரைக் கேக்கிறது? கிழங்கெண்டால் மண் அணைக்கவேணும் பிள்ளை. உருளைக்கிழங்குக்கு அணைக்கிறேல்லையே? மரவள்ளிக்கு அணைக்கிறேல்லையே? எங்கடை ஐயா போயிலைக்கே..."

"இதுக்கு அணைக்கக்கூடாது. அணைச்சால் சுத்திவர வேர்விட்டு அழுகும்."

"ஆர் சொன்னது, போலந்தோ?"

"இஞ்சரும்," என்றான் நீக்கிலாப்பிள்ளை குசினிப் பக்கமிருந்து. "அண்ணை நல்லதுக்குத்தானே செய்தவர்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ," என்றாள் அவள். பிறகு அமிர்தநாதரிடம் திரும்பினாள். "அண்ணை, கிழங்கு விழுந்தால் நீங்கள் போகவேண்டியவரெல்லே. நீங்களே போய் ஏன் அணைச்சனீங்கள்?"

"எங்கை போறது?"

"அறையை விட்டு இறங்கிறன் எண்டனீங்கள். பெட்டியோடை."

அமிர்தநாதர் ரீவியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. மாசி தொடக்கம் அவள் சுமந்த தண்ணீர் முழுதும் இந்த மனிதர் சொல்லிவிட்டு அன்றைக்கே மறந்த ஒரு வார்த்தைக்காக.

"அதொரு பகிடி பிள்ளை," என்றார். திரும்பவும் மல்யுத்தம் பார்த்தார்.

அவள் சூப்புக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் போய், மண்ணை விறாண்டி எடுத்தாள். மண்வெட்டி பட்டால் காயப்படும். மண்ணுக்குள் இருந்த கிழங்குகள் எல்லாப் பக்கமும் தாடி வைத்திருந்தன. தாடியை வழித்தாள். சிலவற்றைத் தொட விரல் உள்ளே போனது. பாதிக்கு மேல் அழுகல். அழுகியதைப் பிடுங்கி, மற்றதற்குத் தொற்றாமல் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தாள். மிச்சத்துக்குத் திரும்பவும் தண்ணீர். யாரோடும் ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டில் அவளுடைய மௌனத்தைக் கண்டு, கோபம் ஆறிவிட்டதென்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவ்வளவு விளங்கிய சனம்.

புரட்டாதி குளிரில் மிஞ்சியவை பருத்தன. முதலாவதைக் கிண்டி ஹலீனாவிடம் கொண்டுபோனாள். ஹலீனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள், பாதியாக வெட்டினாள். உள்ளே வெள்ளையாக, கோறை இல்லாமல் இருந்தது. "சின்னன்," என்று சொல்லி சூப்புக்குள் போட்டாள். வேரோனிக்காவுக்கு அது பரவாயில்லை. வாயால் நல்லது வராத பெண்கள் சிலரை அவளுக்குப் பிடிக்கும்.

ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங் விருந்துக்குப் பிலோமினாவும் மரியதாஸும் வந்தார்கள். வான்கோழி என்று பெயருக்கு ஒரு கோழி, ஆட்டுக்கறி, சோறு, தேங்காய்ப்பால் விட்டு ஒரு வெள்ளைக்கறி. அமிர்தநாதர் வெள்ளைக்கறியை இரண்டாம்தரம் போட்டார்.

"உது நல்ல மணமாய்க் கிடக்கு. என்ன கிழங்கு?"

வேரோனிக்கா குசினிக்குள் போய் வந்தாள். மண் கழுவிய செலரியாக் ஒன்றை அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சின்னத் தேங்காயளவு. குழி விழுந்து, மறு விழுந்து, அடியில் வேர் சுருண்டு, பார்க்க அருவருப்பாக இருந்தது.

"நீங்கள் இறங்கிற கிழங்கு, அண்ணை."

அமிர்தநாதர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"உங்கடை கையைப் பொத்திப் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ," என்றாள்.

"மச்சாள், அது பகிடிக்குச் சொன்னதெல்லே," என்றாள் பிலோமினா.

"நானும் அப்பிடித்தான் விளங்கினனான்," என்றான் மரியதாஸ்.

"இஞ்சரும், நல்ல நாளிலை," என்றான் நீக்கிலாப்பிள்ளை.

இவர்கள் வாய் திறவாமல் இருந்திருந்தால் அவர் இன்றும் அங்கேதான் இருப்பார். ஆனால் மூன்று பேர் தனக்காகப் பேசியதும் அமிர்தநாதருக்கு மானம் வந்துவிட்டது. எழும்பினார்.

"சொன்னது சொன்னதுதான். எனக்கு ஒருத்தர்ரை சோறும் தேவையில்லை."

அறைக்குள் போனார். மேசை லாச்சி இழுபடுகிற சத்தம், பெட்டி கட்டிலில் விழுகிற சத்தம், எல்லாம் தேவைக்கு மேலாகக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். போகிறேன் என்று வெளிக்கிடுகிறவரை வீட்டுக்காரி வாசலில் நின்று மறிக்க வேண்டும். ஒருதரம் மறித்தால் போதும். அவர் முறைப்பாக நின்று, பிறகு பெட்டியை வைப்பார். தேத்தண்ணி வரும். மற்றவர்கள் எவ்வளவு மறித்தாலும் கணக்கில்லை. வீட்டுக்காரி மறிக்காவிட்டால், போகாமல் நிற்க அவருக்கு வழியில்லை.

பெட்டியோடு வந்தார். பிலோமினா ஓடிப்போய்ப் பெட்டிக் கைபிடியில் தொங்கினாள்.

"வேண்டாம் அண்ணை. இந்தக் குளிருக்கை எங்கை போவியள்? எனக்கு நெஞ்சு வெடிக்குது."

எங்கே போவது என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. நாலு அறை வீடு. வேரோனிக்கா அதைக் கேட்டுக்கொண்டு மேசையைத் துடைத்தாள்.

"பேஸ்மென்ட் இன்னும் முடியேல்லை," என்றான் மரியதாஸ், யாரும் கேளாமலே. பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டான். "நான் வானை முன்னுக்கு எடுக்கிறன். எங்கை போறதெண்டாலும் இறக்கி விடலாம்தானே." போய்விட்டான். கொஞ்சம் பொறுத்து பிலோமினாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் போனாள்.

நீக்கிலாப்பிள்ளை பெண்சாதிக்கு முன்னால் வந்து நின்றான். அழுதுகொண்டிருந்தான்.

"ஒருக்கால் சொல்லும். ஒரு சொல்லு. இருங்கோ எண்டு. எனக்காண்டி."

"உங்கடை அண்ணைதானே. நீங்கள் சொல்லுங்கோ."

"நான் சொன்னால் அவர் கேக்கமாட்டார்."

"இவ்வளவு காலமும் அது தெரியாதே?"

ஸ்டெபனி வோக்மனைக் கழற்றிவிட்டாள். "அம்மா, எனக்கு ரூம் வேண்டாம். ப்ளீஸ். ஜஸ்ட் சே இட். நான் சோபாவிலை படுக்கிறன், ஐ டோன்ட் கெயர்."

வேரோனிக்கா மகளைப் பார்த்தாள். எட்டு மாதம் இவளுக்காகத்தான் வாளி தூக்கினாள். தகப்பனின் முகவெட்டு அப்படியே அந்தப் பெட்டைக்கு இருந்தது. நாடி, கண், அந்த இளக்கம். இனி இது இவளுக்காக இல்லை என்று அவளுக்கு விளங்கியது. அதனால் ஒன்றும் குறையவில்லை.

நீக்கிலாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனான். அமிர்தநாதர் வாசலில் சப்பாத்துப் போட்டார். கயிறு கட்ட நெடுநேரம் எடுத்தார். குனிய முழங்கால் விடவில்லை. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கயிற்றைத் தேடினார். அவள் நின்று பார்த்தாள். கயிறு கட்டியாயிற்று. இனிச் செய்ய ஒன்றும் இல்லாமல் அவர் நிமிர்ந்து நின்றார்.

"பஸ் டோக்கன் கிடக்கே அண்ணை?" என்று கேட்டாள். "மரியதாஸ் வாசலோடை இறக்கி விடுவாரோ தெரியாது."

"கிடக்கு."

அவர் கொரிடோருக்கு இறங்கினார். இரண்டு அடி போய்த் திரும்பினார். ஏதோ பேசப்போகிறார் என்று அவள் கதவில் கையை வைத்தாள். அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. எதையோ மறந்துவிட்டு வந்தவர்போல நெற்றியைச் சுருக்கினார்.

"பிள்ளை, நிலத்திலை இன்னும் கிடக்கே?"

"கொஞ்சம் கிடக்கு."

"இண்டைக்கு இரவு நல்லாய் உறையுமாம், ரேடியோவிலை சொன்னவன். தோள் வெளியாலை நிக்குதெல்லே, தாங்காது. உனக்குக் கிண்ட நேரமில்லாட்டில் வைக்கலையாவது போட்டு மூடு."

அவர் சொன்னது சரி. அன்று காலையிலிருந்து அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மணி அடித்தது. நீக்கிலாப்பிள்ளை அதன் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு, "அண்ணை, வாங்கோ," என்று கூப்பிட்டான். அமிர்தநாதர் இன்னும் நின்றார்.

"சரி அண்ணை," என்றாள் வேரோனிக்கா. கதவைச் சாத்தி, பூட்டைத் திருப்பி, சங்கிலியையும் கொளுவினாள்.